ஷோபனாவின் திட்டுப் பாதை

செந்தில்குமார் திருச்சியிலிருந்து போன் செய்தபோது ஷோபனா கொல்லையில் வாழைச்சருகு கழித்துக்கொண்டிருந்தாள்.

"ஷோபனா, தார் வாங்கிட்டேன்!"

"திருச்சிக்குப் போயா தார் வாங்குனீங்க? நம்ம திட்டுலயே வெட்ட ஆளில்லாம தொங்குது. எத்தனை தார்?"

"ஒண்ணுதான்."

"ஒரு தாருக்கா விடியக்காலம் பஸ்ஸேறிப் போனீங்க? பூவனா, மொந்தனா?"

"கருப்பு."

"கருத்துப்போனதையா வாங்குனீங்க?"

மறுமுனையில் அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. "அடியே, வண்டிடி. ஜீப்பு. அதுக்குப் பேரே தார். சாயங்காலம் ஓட்டிட்டு வரேன், பாரு."

இப்படித்தான் அந்த வண்டி நல்லாடிச்சேரிக்கு வந்தது. செந்தில்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, யார் யாரோ ஜீப்பை மலையில் ஏற்றுவதையும் ஓடையில் இறக்குவதையும் போனில் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஆசை முற்றித்தான், விடுமுறைக்கு வந்தவன் ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்தான். எங்கள் ஊரிலோ ஏறுவதற்கு மேடு என்றால் கொள்ளிடக் கரை ஒன்று, ரைஸ் மில் வாசலில் லாரி ஏறுகிற சரிவு ஒன்று. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள்.

செந்தில்குமாரிடம் அதற்குப் பதில் இருந்தது. கொள்ளிடத்துக்குள் ஒரு திட்டில் அவர்களுக்கு வாழைத்தோட்டம் உண்டு. ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் விட்டுவைத்த மண்மேடு அது. அங்கே போக ஒரு பாதை இருந்தது. தெருமுனை மதகோடு சிமெண்டு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வாய்க்கால் கரை மேலேயே மண்தடம். பிறகு ஆற்றுக்கரை மேல் ஏறி, அந்தப் பக்கம் படுகையில் இறங்கி, நாணல் புதருக்கு நடுவே வளைந்து, வறண்டு கிடக்கும் கிளையாற்று மணலைத் தாண்டினால் திட்டு. தூரம் அதிகமில்லை. பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் தலையில் சுமை இருந்தால் அதே தூரம் வேறு தூரம்.

விடுமுறை முழுக்க அவன் தினமும் அந்தப் பாதையில் போய்வந்தான். வேலை இருந்தாலும் போனான், இல்லாவிட்டாலும் போனான். ஷோபனா பக்கத்து சீட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லீவு முடிந்தது. வண்டியை மாட்டுக்கொட்டகையில் நிறுத்தி, தாருக்கு ஒரு தார்ப்பாயும் போர்த்தி, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி இறங்கிடும்" என்று தம்பி மனோகரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

மனோகரன் டிராக்டர்காரன். ஊரில் பாதி வயலுக்கு அவன்தான் உழவு. தார் மீது அவனுக்கு மரியாதை கிடையாது. "கலப்பையும் மாட்ட முடியாது, கல்யாணத்துக்கும் போக முடியாது" என்பான். ஆனாலும் அண்ணன் சொல்லுக்காக ஞாயிறுதோறும் சாவியைத் திருப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போய்விடுவான். மற்ற ஆறு நாளும் வண்டி ஒரு கோழியின் வசம் இருந்தது. அது டிரைவர் சீட்டில் முட்டையிட்டு அடைகாக்கவும் ஆரம்பித்துவிட்டது.

ஷோபனா மயிலாடுதுறையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள். முதல் நாள் வைக்கோல்போரில் மோதினாள். இரண்டாம் நாள் வாய்க்கால் கரையில் எதிரே வந்த வாத்துக் கூட்டத்துக்கு வழிவிடப் போய், வண்டி இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக விழுந்தார்கள். அந்தப் பக்கம்தான் வாய்க்கால். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சுபாவம்: பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். எவ்வளவு பயமோ அவ்வளவு சிரிப்பு. கழுத்தளவு தண்ணீரில் நின்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, விளையாட்டாக விழுந்திருக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் இரண்டு சக்கரத்தைத் தொடவில்லை.

தொடாததன் விளைவு, எங்கே போவதென்றாலும் ஒருவரைக் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு, பேங்குக்கு, தஞ்சாவூரில் நர்ஸிங் படிக்கிற மகள் சுவேதாவைப் பார்க்க. "கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா?" என்ற கேள்வியை அவள் எத்தனையோ விதமாகக் கேட்கப் பழகியிருந்தாள். தோட்டத்து விஷயத்தில் கேட்க வேண்டிய ஆள் மனோகரன். நல்ல பிள்ளை. அண்ணி என்றால் உயிர். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. "இதோ வரேன் அண்ணி" என்பான். அந்த 'இதோ' சில நாள் டீ குடிக்கிற நேரம், சில நாள் அரைப் பகல்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில் அந்த 'இதோ' அவளைக் கவிழ்த்தது. திட்டில் பூவன் இலை நன்றாக விரிந்திருந்தது. திருக்காட்டுப்பள்ளி இலைக்கடைக்காரர் காலை பஸ்ஸுக்குள் கட்டுகள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஷோபனாவும் இரண்டு பெண்களும் விடிந்தும் விடியாமலும் போய் இலை அறுத்துக் கட்டுக்கட்டி வைத்துவிட்டு டிராக்டருக்குக் காத்திருந்தார்கள். மனோகரன் வழியில் யாருடைய டிரெய்லரோ சேற்றில் இறங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு இழுக்க நின்றுவிட்டான். வெயில் ஏறியது. கடைசியில் பெண்கள் மூவரும் ஆளுக்கொரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கணுக்கால் புதையும் மணலில் நடந்து கரையேறினார்கள். பஸ் போய்விட்டிருந்தது. திட்டில் விட்டுவந்த மிச்ச இலையெல்லாம் சுருண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். எதிரே தார்ப்பாய்க்குள் வண்டி. உள்ளே கோழி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனோகரனின் மனைவி மலர்க்கொடி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஓர்ப்படிகள் இருவரும் அக்கா தங்கை மாதிரி.

"மலரு, நாலு சக்கர வண்டி நின்னா விழாதுல்ல?"

"விழாதுக்கா."

"ரெண்டு சக்கரம் நின்னா விழுது. அதுதானே எனக்குத் தொல்லை?"

"நின்னா விழாதுக்கா. ஓடினா என்ன ஆகும்னுதான் தெரியல" என்றாள் மலர்க்கொடி. பிறகுதான் கேள்வியின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. "அய்யோ அக்கா!"

அடுத்த வாரம் ஷோபனா திருக்காட்டுப்பள்ளியில் ஜெக்கரியாவின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஜெக்கரியா ஒல்லியான மனிதர். எவ்வளவோ பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பொறுமையே உருவாகிப்போனவர். அவரையே ஷோபனா முதல் நாள் கலங்கடித்துவிட்டாள். எதிரே மணல் லாரி வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தான் சார். அதான் சிரிக்கிறேன்."

"அப்ப நான் எப்பத்தான் பிரேக்கைப் போடறது? நீங்க சிரிச்சாலா, சிரிக்காட்டியா?"

"சிரிச்சா போடுங்க சார்."

அவர் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடியே ஒரு மாதம் ஓட்டினார். போகப் போக அவள் சிரிப்பது குறைந்தது. ஒரு நாள் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும், "அக்கா, இனிமே உங்களுக்கு நான் தேவையில்ல" என்றார் ஜெக்கரியா. லைசென்ஸ் வந்தது. இதெல்லாம் செந்தில்குமாருக்குத் தெரியாது. தினமும் ராத்திரி வீடியோ காலில் பேசினார்கள்தான். சொல்ல வாய் வரும். பழகி முடிக்காமல் சொன்னால் வாத்துக் கதையை மறுபடி எடுப்பான் என்று விழுங்கிக்கொள்வாள். அது மட்டுமல்ல, தன்னிடம் மட்டும் ஒரு விஷயம் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

லைசென்ஸ் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மனோகரன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வந்தபோது, தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோழி வேறு கூடைக்கு மாறியிருந்தது. சீட்டு துடைக்கப்பட்டு, கண்ணாடியில் சந்தனம் வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் சீட்டில் அண்ணி. பக்கத்தில் அவன் மனைவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியறப்ப தெரியும். சாவியைக் குடுத்துட்டு, நீ உன் மொபெட்டை எடுத்துக்கிட்டு பின்னாடியே வா தம்பி. ஒரு தைரியத்துக்கு."

மனோகரன் தன் மொபெட்டில் பின்தொடர்ந்தான். சிமெண்டு ரோட்டில் எல்லாம் சரியாக நடந்தது. மதகைத் தாண்டி மண்தடத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் துள்ளியது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் குறுவை நாற்றங்கால். பழைய நினைவில் ஷோபனா வாய்க்காலைப் பார்க்காமலே ஓட்டினாள். பார்க்காமல் ஓட்டினால் வண்டி நாற்றங்கால் பக்கம் சாய்ந்தது. "அக்கா, கொஞ்சம் வாய்க்காலையும் பாருங்கக்கா" என்றாள் மலர்க்கொடி, கண்ணைத் திறக்காமலே.

ஆற்றுக்கரை சரிவில் முதல் தடவை பாதி ஏறி வண்டி அணைந்துபோய்ப் பின்னால் உருண்டது. பின்னால் வந்த மனோகரன் மொபெட்டை அப்படியே போட்டுவிட்டுப் புல்லில் தாவினான். ஷோபனா பிரேக்கை மிதித்து நிறுத்தி, விழுந்து விழுந்து சிரித்தாள். மலர்க்கொடிக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும் என்பதால் இன்னும் சத்தமாக சாமியைக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவை முதல் கியரிலேயே, விட்டுக்கொடுக்காமல், மெல்ல ஏறினாள். முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. பிறகு வண்டியின் மூக்கு இறங்கியதும் கொள்ளிடம் முழுக்கத் தெரிந்தது. அகலமான மணல், நடுவே கோடு கிழித்த மாதிரி தண்ணீர், அங்கங்கே கொக்கு, தூரத்தில் திட்டின் வாழைப்பச்சை. எத்தனையோ தடவை பார்த்த ஆறு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் ஆறே புதிதாக இருந்தது. கரை உச்சியில் கொஞ்சம் நிறுத்தி அதைப் பார்த்தாள்.

படுகையில் நாணல் இரண்டு பக்கமும் வண்டியை உரசியது. வளைவுகள் தாராளமானவை. குழி என்று சொல்லத்தக்க குழி ஒன்றுதான். எந்தப் புதுப்பழக்கக்காரரும் ஓட்டிவிடலாம். அந்தத் தைரியத்தில் கிளையாற்று மணலில் இறங்கினாள். பாதி போனதும் பின்சக்கரம் உய்யென்று சுழன்றது. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தாள். வண்டி முன்னால் போவதற்குப் பதில் கீழே போனது. தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு, கோழி முட்டையில் உட்கார்வது போல மணலில் உட்கார்ந்துவிட்டது.

மனோகரன் குனிந்து பார்த்துவிட்டு, "டிராக்டரை விட்டாத்தான் அண்ணி வரும். தெக்குத்தெருவுல நிக்குது. இதோ கொண்டாறேன்" என்று மொபெட்டை உதைத்தான்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஷோபனாவுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "வேணாம் தம்பி, நில்லு" என்றாள். போனை எடுத்தாள். செந்தில்குமாருக்கு வீடியோ கால் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அவன் அறையில்தான் இருந்தான். துண்டைக் கட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன இந்நேரத்துல?" என்று சிரித்தவன், திரையில் முதலில் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தான்.

"வண்டியில யார் இருக்கா? மனோகரன் எங்க?"

"வெளியில நிக்கிறாரு. நான்தாங்க ஓட்டிட்டு வந்தேன். லைசென்ஸ் எடுத்தாச்சு. ஓடை மணல்ல மாட்டிக்கிச்சு. எப்படி எடுக்கிறதுன்னு சொல்லுங்க."

அவன் கையிலிருந்த மீன் நழுவித் தொட்டியில் விழுந்தது. திட்டப்போகிறான் என்ற பயத்தில் ஷோபனாவுக்கு வழக்கம்போல சிரிப்பு கிளம்பியது. அவள் எதற்குச் சிரிப்பாள் என்பது உலகத்தில் வேறு யாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"பயப்படாத" என்றான் உடனே. "ஒண்ணும் ஆகாது. மணல்தானே. டேய், எல்லாரும் வாங்கடா! ஷோபனா தாரை மணல்ல இறக்கியிருக்கா!"

கட்டில்களிலிருந்து தலைகள் முளைத்தன. அறையில் இருந்த அத்தனை பேரும் திரைக்குள் நெருக்கியடித்தார்கள். எல்லோருமே இரவுதோறும் ஜீப் வீடியோ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள். ஒருவர் பலகை வைக்கச் சொன்னார், ஒருவர் பின்னால் எடுக்கச் சொன்னார், ஒருவர் கயிறு கட்டச் சொன்னார். ஆளுக்கொன்று கத்தியதில் ஒன்றும் புரியவில்லை. அதிராம்பட்டினத்து ஜாஹித் ஒருவன்தான் நிதானமாக, "அண்ணி, ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க. முதல்ல நாலு டயர்லயும் பாதிக் காத்தை இறக்குங்க. எங்க ஊர்க் கடற்கரையில அப்படித்தான்" என்றான்.

"காத்தை இறக்கினா வண்டி இன்னும் உக்காந்துடாது?"

"டயர் சப்பையா பரவும் அண்ணி. வெறுங்காலுக்கும் ஹை ஹீல்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான்."

அது அவளுக்கு உடனே புரிந்தது. கொண்டை ஊசியை உருவி மனோகரனிடம் கொடுத்தாள். டிராக்டர்காரன் ஒரு நிமிஷம் தயங்கினான், பிறகு மண்டிபோட்டு ஒவ்வொரு டயராக ஊசியை அழுத்தினான். உஸ்ஸென்று காற்று இறங்கியது. மலர்க்கொடி கையாலேயே சக்கரத்தின் முன்னால் மணலை வாரி வாரித் தள்ளினாள். நாணலைப் பிடுங்கிவந்து கீழே பரப்பினாள்.

"இப்ப கியருக்குப் பக்கத்துல இன்னொரு குட்டி கியர் இருக்கு பாரு" என்றான் செந்தில்குமார்.

"பையை மாட்டுறதுக்குன்னு நினைச்சேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. "கிளட்சை முழுசா மிதிச்சுக்கிட்டு அதைப் பின்னாடி இழு. போட்டியா? இப்ப நாலு சக்கரமும் உன் பேச்சைக் கேக்கும். செகண்டுல வச்சு, பால் காய்ச்சற மாதிரி, நிதானமா விடு."

விட்டாள். வண்டி ஒரு முறை நடுங்கியது. முன்சக்கரம் நாணலைக் கடித்தது. பிறகு எருமை தண்ணீரிலிருந்து எழுந்திருப்பது போல, அவசரமே இல்லாமல், தார் குழியை விட்டு எழுந்து நடந்தது. அவள் காலை அசைக்கவில்லை. மணல் முடிந்து திட்டின் கெட்டி மண்ணில் ஏறும்வரை மூச்சும் விடவில்லை. போன் மலர்க்கொடியின் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிங்கப்பூரே கைதட்டியது.

வாழை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். இத்தனை பயத்துக்கும் சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. செந்தில்குமார் மட்டும் திரையில் மிஞ்சியிருந்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

"சொல்லியிருந்தா வேணாம்பீங்கன்னு."

"சொல்லியிருப்பேன்தான்" என்று ஒத்துக்கொண்டான். "சாப்பிட்டியா?"

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் மனோகரன் கால் பம்பை வைத்து நாலு டயருக்கும் காற்றடித்தான். வியர்வை ஆறாக ஓடியது. மலர்க்கொடி பக்கத்தில் நின்று, "இதோ ஆயிடுச்சு, இதோ ஆயிடுச்சு" என்று உற்சாகப்படுத்தினாள்.

அதற்குப் பிறகு இலைக்கட்டுகள் ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. வண்டியின் பின்பக்கத்தில் எதிரெதிரே போட்ட சீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்வார்கள். காலடியில் அரிவாள், தூக்குவாளி, திரும்பி வரும்போது மடியில் இலைக்கட்டு. சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் மொத்தமாக ஒரு கூச்சல் எழும். மதகுப் பக்கம் நிற்பவர்கள் அந்தக் கூச்சலை வைத்தே வண்டி எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். வேலையே இல்லாத பெண்கள்கூட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து ஏறிக்கொண்டார்கள். நானும் ஒரு தடவை போனேன். தலை இரண்டு முறை மேல்கம்பியில் இடித்தது. அதைப் பற்றி ஒருத்தரும் வருத்தப்படாததால் நானும் வருத்தப்படவில்லை.

ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் அதிகமாகிக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டார்கள். கிளையாற்றிலும் முழங்காலுக்கு மேல் ஓடியது. வண்டியில் வந்தவர்கள் "தாரு போவும்க்கா, வீடியோவுல எல்லாம் இதைவிட ஆழத்துல போவுது" என்று உசுப்பினார்கள். ஷோபனா கரையோரம் இறங்கி நின்று சுழித்து ஓடும் கலங்கல் நீரைப் பார்த்தாள். "வீடியோவுல முழுகுனதை யாரும் போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். தண்ணீர் வடியும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. வடிந்த பிறகு முதல் நாள் வெறுங்காலோடு நடந்து போய், குச்சியால் குத்திப் பார்த்து, மண் எங்கே கெட்டி, எங்கே சொதசொதப்பு என்று பார்த்தாள். ஆறு பழைய தடத்தைக் கரைத்துவிட்டு, கொஞ்சம் கிழக்கே தள்ளி ஒரு கெட்டியான மேட்டைப் போட்டிருந்தது. அந்த மேட்டின் இரண்டு பக்கமும் நாணல் கொத்தைச் செருகி அடையாளம் வைத்தாள். புதுப்பாதை அப்படித்தான் உண்டாயிற்று.

அடுத்த தைக்கு செந்தில்குமார் வந்தபோது திருச்சி விமான நிலையத்துக்கு ஷோபனாவே வண்டியைக் கொண்டுபோனாள். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் பழக்கத்தில் வலது பக்கக் கதவருகே போனான், பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் ஏறினான். வழி நெடுக அவன் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"அங்க பிரேக் இல்லீங்க" என்றாள்.

"தெரியும். கால் மரத்துப்போச்சு, அதான்."

மறுநாள் காலையில் திட்டுக்குக் கிளம்பும்போது அவன் சாவியைக் கேட்டான். கொடுத்தாள். வாய்க்கால் கரை, ஆற்றுக்கரை, படுகை எல்லாம் அவன் அழகாகவே ஓட்டினான். பாட்டுகூடப் பாடினான். மணல் ஓரத்துக்கு வந்ததும், "கிழக்க தள்ளிப் போங்க, நாணல் செருகியிருக்கு பாருங்க. பழைய தடம் கரைஞ்சிடுச்சு" என்றாள் ஷோபனா.

"நான் பொறந்ததுலேர்ந்து போற வழி. எனக்குத் தெரியாதா?"

நேராக விட்டான். மேலே காய்ந்த மணலாகத் தெரிந்தது, அடியில் இன்னும் ஈரச் சேறு. நாலு சக்கரமும் ஒன்றாக இறங்கின. அவன் குட்டி கியரை இழுத்தான், முன்னால் தள்ளினான், பின்னால் எடுத்தான். கதவு வரை சேறு தெறித்தது. ஷோபனா கையை மடியில் கட்டிக்கொண்டு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவனே எஞ்சினை அணைத்தான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்க" என்றான்.

"எனக்குப் பயமா இல்லியே, எப்படிச் சிரிப்பு வரும்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். பயமில்லாத சிரிப்பு. அவனுக்கும் பற்றிக்கொண்டது. இருவரும் சேற்றில் சாய்ந்து நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டி, வாழை மட்டைகளைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் செருகினான். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்துக் கெட்டித் தரைக்கு வந்தாள். நாணல் கொத்துகளுக்கு நடுவே திருப்பி, திட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சேற்றைக் கழுவிவிட்டு வாழை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது அவன் சொன்னான். "அங்க ரூம்ல படுத்திருக்கறப்ப, நம்ம வண்டி கொட்டகையில நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு நினைச்சுக்குவேன். அந்த நினைப்புல தூக்கம் வரும்."

"இப்ப?"

"இப்ப அது எங்க நிக்கும்னே தெரியல. ஆனா அதுவும் நல்லாத்தான் இருக்கு. இவ இன்னிக்கு எங்க போயிருப்பாளோன்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிடறேன்."

அவள் அவன் இலையில் இன்னொரு துண்டு மாங்காய் ஊறுகாய் வைத்தாள்.

லீவு முடிந்து அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது காவலர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னதால், அவர்கள் சரியாக விடைபெறக்கூட முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். கல்லணை வந்தபோது மீன் வறுக்கிற வாசனை ரோடு வரைக்கும் வந்தது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறாள். நிறுத்தச் சொல்லிக் கேட்டதில்லை. வண்டியை மரத்தடியில் ஓரங்கட்டி இறங்கினாள்.

கடைக்கார அம்மா அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூட வந்தவங்க எல்லாம் எங்கம்மா? எத்தனை பேருக்குப் போடட்டும்?"

"நான் மட்டும்தாங்க" என்றாள் ஷோபனா. முதல் மீனைச் சூடு ஆறுவதற்குள் முள்ளை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே இன்னொன்று போடச் சொன்னாள்.